சிவப்பு வெல்வெட், வெள்ளை ஃபர்: சாண்டா வேஷம் ஆகாமல் ஒரு கிறிஸ்துமஸ் பார்ட்டி கவுன்

1954-ல் வந்த ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியில் நடிகைகள் ரோஸ்மேரி க்ளூனியும் வேரா-எல்லனும் போட்டுவரும் சிவப்பு கவுன் மாதிரி ஒன்றைக் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குத் தைக்க வேண்டும், எத்தனை மீட்டர் வெல்வெட் வாங்குவது, ஃபரை எப்படி வெட்டித் தைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண பாவாடை, சட்டை தைத்த பழக்கம் உண்டு, வெல்வெட்டைத் தொட்டதில்லை என்றும் சொல்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில், “சாண்டா வேஷம் போட்டமாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது” என்று ஒரு வரி. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் துணி அளவு, ஃபர் அகலம், உள்ளே என்ன வைப்பது என எல்லா முடிவும் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதில் இருந்துதான் வரும்.

முதலில் படத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது. பாரமவுண்ட் தயாரிப்பு, விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் வந்த முதல் படம், டெக்னிகலர் என்ற வண்ண முறையில் அச்சிட்டது. இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ், உடைகள் ஈடித் ஹெட். அந்தக் கடைசிக் காட்சியில் பிங் கிராஸ்பியும் டேனி கேயும் சாண்டா பாணியில் சிவப்பு உடையில்தான் நிற்கிறார்கள். அதாவது காட்சியே சாண்டாவை வைத்து அமைத்த மேடைக் காட்சி. நான்கு பேரும் சேர்ந்து நிற்பதால் அது ஒரு நிகழ்ச்சியின் உடையாகத் தெரிகிறது. அதே உடையோடு நீங்கள் ஒருவர் மட்டும் ஓர் அறைக்குள் நுழைந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மேடை கிடையாது, சாண்டா மட்டும்தான் மிச்சம். ஆகவே உங்கள் பயம் நியாயமானது. திரையில் பார்த்து அந்தச் சிவப்பின் சரியான சாயலையோ, துணியின் நெசவையோ அடித்துச் சொல்ல முடியாது. பலமான ஸ்டூடியோ வெளிச்சமும் டெக்னிகலர் அச்சும் சேர்ந்து நிறத்தை மாற்றும். “படத்தில் இருக்கும் அதே துணி” என்று விற்கப்படுவதை நம்பி வாங்க வேண்டாம். கண்ணுக்கு உறுதியாகத் தெரிவது உருவம்: உடலை ஒட்டிப் பிடித்த மேல்பகுதி, இடுப்பிலிருந்து விரியும் கனத்த பாவாடை, ஓரத்தில் வெள்ளை ஃபர். இந்த மூன்றில் முதல் இரண்டுக்குத்தான் உங்கள் நேரமும் பணமும் போக வேண்டும். ஃபரில் சிக்கனம் பிடியுங்கள்.

சாண்டா என்று கண் எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று பார்த்தால் வழி தெரியும். முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைப் பட்டை, கறுப்பு பெல்ட், 8 முதல் 10 செ.மீ. அகலத்தில் நீளமான சுருள் முடியுள்ள பளீர் வெள்ளை ஃபர், அது கழுத்து, கை, கீழ் ஓரம் என்று எல்லா விளிம்பிலும் இருப்பது, கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இவற்றில் எதுவுமே வேண்டாம். ஃபரை இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கழுத்தும் கைமுனையும் போதும். அகலம் 4 முதல் 5 செ.மீ. முடி நீளம் 8 முதல் 12 மி.மீ. உள்ள, நேராகப் படியும் குட்டை ஃபர். நிறம் தூய வெள்ளை இல்லாமல் தந்தம் அல்லது பால் ஏட்டின் வெளிர் நிறம். தொப்பி வேண்டவே வேண்டாம். பெல்ட் ஆசை இருந்தால் அதே வெல்வெட்டில் மெல்லியதாக. இந்த மாற்றங்களைச் செய்தால் படத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே அந்தக் காட்சி நினைவுக்கு வரும், பார்க்காதவர்களுக்கு ஒரு நல்ல குளிர்கால கவுனாகத் தெரியும்.

சிவப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெல்வெட் வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே சாயம் ஏற்றிய சாட்டினை விட ஒரு படி கருத்துத்தான் தெரியும். பார்ட்டி நடக்கும் இடத்தில் பெரும்பாலும் மஞ்சள் வெளிச்சம் இருக்கும். அதில் அடர்ந்த மரூன் பழுப்பாகிவிடும், ஆரஞ்சு சிவப்பு இன்னும் ஆரஞ்சாகும். அதனால் லேசாக நீலம் கலந்த சிவப்பில், நீங்கள் நினைத்ததை விட ஒரு படி பளிச்சென்ற துணியாக எடுங்கள். சாம்பிள் துண்டு கிடைத்தால் இரவில் அதே மாதிரி விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள், போனில் ஒரு படமும் எடுங்கள். பளீர் சிவப்பில் போன் கேமராக்கள் மடிப்பின் நிழலைத் தின்றுவிட்டு ஒரே சிவப்புத் திட்டாகக் காட்டும். படத்தில் மடிப்பு தெரிகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பாவாடை. திரையில் அவ்வளவு விரிவைப் பார்த்ததும் எல்லோருக்கும் முழு அம்ப்ரெல்லா கட், அதாவது முழு வட்டமாக வெட்டும் பாவாடைதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பு 72 செ.மீ., நீளம் கணுக்கால் வரை 100 செ.மீ. என்றால், இடுப்பு வட்டத்தின் ஆரம் 72-ஐ 6.28-ஆல் வகுத்து 11.5 செ.மீ. கீழ் ஓரத்தின் சுற்றளவு 111.5 பெருக்கல் 6.28, அதாவது 7 மீட்டர். அதில் 10 செ.மீ. அகல ஃபர் வைத்தால் ஃபரின் எடை மட்டும் அரைக்கிலோவை நெருங்கும். அந்த எடை தரையோரம் தொங்கும், நடக்கும்போது காலில் அடிக்கும், ஹீல்ஸில் மாட்டும், நின்று பேசும் ஒவ்வொரு இடத்திலும் தரையைத் துடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வெல்வெட்டின் வாட்டம். வெல்வெட்டின் முடி ஒரே திசையில் சாய்ந்திருக்கும். முழு வட்டமாக வெட்டினால் முன்பக்கம் முடி கீழே பார்க்கும், பக்கவாட்டில் குறுக்கே போகும், பின்பக்கம் மேலே ஏறும். ஒரே துணி மூன்று நிறமாகத் தெரியும். இதற்குப் பிறகு எந்தத் திருத்தமும் கிடையாது.

அதனால் ஆறு பீஸ் பாவாடை போடுங்கள், நீளம் கெண்டைக்காலின் நடுவரை, 75 செ.மீ. அரை வட்டத்தின் விரிவு போதும்: கீழ்ச்சுற்று சுமார் 3.1 மீட்டர் வரும். ஒவ்வொரு பீஸும் மேலே 12 செ.மீ., கீழே 51 செ.மீ., இரு பக்கமும் தையலுக்கு 1.5 செ.மீ. சேர்த்தால் 15-ம் 54-ம். ஒவ்வொரு பீஸின் நடுக்கோடும் துணியின் நீளவாக்கில் வர வேண்டும். பருத்தித் துணியில் செய்வதுபோல் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இடம் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆறும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். 140 செ.மீ. அகலத் துணியில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பீஸ் உட்காரும். கீழ் ஓரத்தின் வளைவு, மேல் தையல், கீழ் மடிப்பு எல்லாம் சேர்த்து வரிசைக்கு 83 செ.மீ. என்று மூன்று வரிசைக்கு 2.5 மீட்டர். மேல்பகுதிக்கும் முழுக்கைக்கும் 1 மீட்டர். ஆக 3.5 மீட்டர். 110 செ.மீ. அகலத் துணிதான் கிடைக்கிறது என்றால், கரை ஓரத்தைக் கழித்ததும் இரண்டு பீஸ் உட்காராது. பீஸுக்கு 4 செ.மீ. விரிவைக் குறைத்தால் அதே நீளத்துக்குள் பாவாடை முடிந்துவிடும்; மேல்பகுதிக்கு மட்டும் இன்னும் அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். இந்த அளவெல்லாம் 72 செ.மீ. இடுப்புக்கு. உங்கள் அளவு தெரியாமல் என்னால் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் கணக்கிடும் முறை மாறாது.

முடி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பது உங்கள் விருப்பம். கையால் கீழ்நோக்கித் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் முடி மேல்நோக்கி இருக்கிறது. அப்படி வைத்தால் நிறம் அடர்ந்து ஆழமாகத் தெரியும். கீழ்நோக்கி வைத்தால் வெளிச்சம் பட்டு ஒரு வெளிர் மினுக்கம் வரும், உட்கார்ந்து எழும்போது தேய்மானம் குறைவு. பார்ட்டி உடைக்கு மேல்நோக்கி வைப்பதையே நான் சொல்வேன். எப்படி வைத்தாலும் வெட்டும் முன் துணியின் பின்பக்கம் முழுக்கச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு எது எந்தத் திசை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பது தவறுக்கு வழி.

வெல்வெட்டைத் தைக்கும்போது வரும் முக்கியத் தொல்லை நழுவல். முடியோடு முடி சேர்ந்து இரண்டு அடுக்கும் எதிரெதிராக நகரும், 75 செ.மீ. தையலின் முடிவில் ஒரு பீஸ் 1 செ.மீ.க்கு மேல் நீண்டு நிற்கும். குண்டூசி மட்டும் போதாது. தையல் கோட்டுக்கு இரு பக்கமும் கையால் இரண்டு வரிசை நூலோட்டுங்கள், சிலநேரம் பின்தையல் ஒன்று போட்டு இறுக்குங்கள். மெஷினில் வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் கீழ் துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். நெய்த வெல்வெட்டுக்கு 80 எண் ஊசி, இழுபடும் வெல்வெட்டுக்கு 75 எண் பால்பாயின்ட் ஊசி (முனை மழுங்கிய ஊசி). தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. முடி போகும் திசையிலேயே தைக்க வேண்டும். முன்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, வைத்த தடம் போகாது. அதே வெல்வெட்டில் ஒரு துண்டை முடி மேலே பார்க்கும்படி விரித்து, அதன்மேல் உடையைக் கவிழ்த்து, பின்பக்கம் நீராவி மட்டும் காட்டி, தையலை விரல் நுனியால் பிரித்து அமுக்குங்கள். ஜிப்பு வைக்கும் இடத்திலும் வெல்வெட் சண்டித்தனம் செய்யும்: மறைவு ஜிப்பின் பற்களில் முடி மாட்டி நின்றுபோகும். சாதாரண ஜிப்பை ஒரு பக்க மடிப்புக்குள் வைத்து, வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் பின்தையலில் கையாலேயே தைத்தால் அழகாகவும் இருக்கும், பழைய பட உடைகளின் சாயலும் வரும்.

இப்போது மேல்பகுதி. படத்தின் அழகு இங்கேதான் இருக்கிறது, வீட்டில் தைப்பவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். தோளுக்குக் கீழ் இறங்கிய கழுத்தை எது தாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். தோள் தாங்காது. கழுத்து ஓரத்தை இறுக்கினால் தோளில் தடம் விழும், கையைத் தூக்கினால் ஏறி வரும். தாங்குவது இடுப்புதான். உள்ளே 2.5 செ.மீ. அகலமுள்ள கெட்டியான ரிப்பன் ஒன்றை இடுப்புத் தையலில் அங்கங்கே பிடித்து வைத்து, அதன் நீளத்தை உங்கள் இடுப்பளவை விட 1 முதல் 2 செ.மீ. குறைவாக எடுத்து, பின்பக்கம் இரண்டு ஹூக் போடுங்கள். முதலில் ஹூக்கை மாட்டிவிட்டு அப்புறம் ஜிப்பை ஏற்றுவது. பாவாடையின் முழு எடையும் அந்த ரிப்பனில் நிற்கும், மேல்பகுதி கீழே இழுபடாது, ஜிப்புக்கும் சிரமம் இல்லை. வெல்வெட்டின் பின்னால் இறுக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியை அதே அளவில் வெட்டி இரண்டையும் ஒன்றாக வைத்துத் தையுங்கள். அந்தப் பருத்தியின் தையல்களில் குழாய்போல் பட்டி வைத்து 6 மி.மீ. போனிங் பட்டிகளை (மேல்பகுதியை விறைப்பாக நிறுத்தும் மெல்லிய பட்டிகள்) செருகுங்கள்: முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு. தையல் முடியும் இடத்துக்கு 1 செ.மீ. முன்பே பட்டி நின்றுவிட வேண்டும், முனையை உருட்டி மழுக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பிட உட்காரும்போது விலாவில் குத்தும், நாளடைவில் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கழுத்தோரத்துக்குள் 6 மி.மீ. எலாஸ்டிக், 100 செ.மீ. சுற்றுக்கு 94 செ.மீ. போதும். இதெல்லாம் வெல்வெட்டில் செய்வதற்கு முன் பழைய பருத்தித் துணியில் மேல்பகுதியை ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வெல்வெட்டில் தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரியும்.

பாவாடை நிற்பதற்கு உள்ளே கேன்கேன், அதாவது விறைப்பான உள்பாவாடை வேண்டும். மிருதுவான நெட் வெல்வெட்டின் எடையில் படுத்துவிடும், விறைப்பான நைலான் நெட்டாக எடுங்கள். மேலே 25 செ.மீ. பருத்தி, அதில் 2.5 மீட்டர் நீளமும் 20 செ.மீ. உயரமும் உள்ள நெட் சுருக்கு, அதன் கீழே 5 மீட்டர் நீளத்தில் இன்னொரு 20 செ.மீ. சுருக்கு, மொத்தம் 65 செ.மீ., வெளிப்பாவாடையை விட 10 செ.மீ. குட்டை. நெட்டின் ஓரத்தை ரிப்பனால் கட்டாவிட்டால் காலைப் பிராண்டும், ஸ்டாக்கிங்கைக் கிழிக்கும். பாவாடைக்கு வழவழப்பான லைனிங் கட்டாயம் வேண்டும். லைனிங் இல்லாத வெல்வெட்டின் பின்பக்கம் நெட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும். தைத்து முடித்ததும் எம்மிங் போடாமல் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சாய்வாக வெட்டிய இடங்கள் இறங்கும், அதன்பிறகு தரையிலிருந்து அளந்து சமமாக்கி எம்மிங் போடுவது.

ஃபருக்கு வருவோம். இதில் கத்தரிக்கோலை மறந்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் முடியும் சேர்ந்து நறுக்கப்பட்டு, ஓரம் மொட்டையாக, கம்பளத்தை வெட்டிய மாதிரி இருக்கும். கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, கூர்மையான பிளேடால் பின்துணியை மட்டும் கீறுங்கள். இரண்டு கையாலும் மெதுவாகப் பிரித்தால் முடி முழு நீளத்தில் தானாக விலகும். பட்டையைத் துணியின் அகலவாக்கில் எடுக்க வேண்டும், அப்போதுதான் முடி பட்டையின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்குப் படியும். 5 செ.மீ. பட்டைக்கு இரு பக்கமும் 1.5 விட்டு 8 செ.மீ. அகலம். கழுத்துக்கு ஒரு பட்டை, கைமுனை இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று. 150 செ.மீ. அகல ஃபரில் கால் மீட்டர் வாங்கினாலே மிஞ்சும். தைப்பதற்கு முன் ஓரத்து 1.5 செ.மீ.யில் உள்ள முடியை மட்டும் ஒட்ட நறுக்கிவிட்டால் தையல் தடிமனாக இருக்காது. குண்டூசி ஃபருக்குள் தொலைந்துபோகும், பிறகு உடம்பில் குத்தும், கிளிப் போடுங்கள். தைக்கும்போது முடியை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். எப்படியும் சில இழைகள் தையலில் மாட்டும். முடித்தபின் முன்பக்கம் திருப்பி, தடித்த ஊசி முனையால் தையல் கோடு முழுக்க அவற்றை வெளியே இழுத்துவிட்டால் இணைப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இஸ்திரி மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது, செயற்கை ஃபர் பெரும்பாலும் அக்ரிலிக் வகை, சூட்டில் சுருண்டு உருகும்.

ஃபரை உடையோடு நிரந்தரமாகத் தைக்க வேண்டாம். இரு ஓரத்தையும் பின்னால் மடித்து ஒரு பருத்தி நாடாவோடு சேர்த்துத் தைத்து, அந்த நாடாவை 7 செ.மீ.க்கு ஒரு டிச் பட்டன் வைத்து உடையில் மாட்டுங்கள். சாஸ் கொட்டினால் கழற்றித் தனியாகக் கழுவலாம், ஃபர் இல்லாமலும் கவுனை வேறு நாளில் போடலாம். இன்னொரு காரணம் சாயம். வெட்டும் முன்பே ஒரு ஈர வெள்ளைத் துணியால் வெல்வெட்டை அழுத்தி இருபது முறை தேய்த்துப் பாருங்கள். பருத்தி, விஸ்கோஸ் வெல்வெட்டில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வருவது சகஜம், பாலியஸ்டரில் குறைவு. லேசான இளஞ்சிவப்பு ஒட்டினால் ஃபரும் வெல்வெட்டும் உரசும் இடத்தில் வெளிர் சாட்டின் பைப்பிங் (தையலில் வைக்கும் மெல்லிய உருட்டு ஓரம்) வைத்துத் தடுக்கலாம். அழுத்தமாகச் சாயம் வந்தால் அந்தத் துணி வெள்ளை ஃபரோடு சேராது, வேறு துணி பாருங்கள். கழுவிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் வெல்வெட்டின் முடி நசுங்கிப்போகும்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லை என்றால், ஏற்கெனவே உள்ள வெறும் சிவப்பு வெல்வெட் உடைக்கு மேலே சொன்ன ஃபர் கழுத்துப் பட்டையை மட்டும் செய்து மாட்டுங்கள். பாதி விளைவு அதிலேயே கிடைக்கும். சிவப்பே வேண்டாம் என்றால் அதே படத்தில் இன்னும் இரண்டு நல்ல யோசனைகள் இருக்கின்றன. அந்த இருவரும் சகோதரிகளாகப் பாடும் ‘சிஸ்டர்ஸ்’ பாட்டில் வரும் நீல லேஸ் உடைக்கு, லேஸும் லைனிங்கும் ஒரே நீலமாக இருப்பதுதான் முக்கியம். லைனிங் ஒரு சாயல் மாறினாலும் லேஸின் பூவேலை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். கிளப் காட்சியில் க்ளூனி போடும் கறுப்பு உடை, உடலை ஒட்டி வந்து கீழே விரிவது, நீளக் கையுறையோடு. தைக்கத் துணி குறைவு, தவறு செய்ய வாய்ப்பு அதிகம். விரிவு முழங்காலுக்கு 6 செ.மீ. மேலேயே தொடங்க வேண்டும், அந்த இடத்தில் சுற்றளவு 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பருத்தியில் தைத்துப் பார்க்கும்போது படியேறியும் நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். க்ளூனி அதை ஒரு பாட்டு நேரம் நின்று பாடப் போட்டார். நீங்கள் நான்கு மணி நேரம் நடக்க வேண்டும்.

கூட வருபவருக்கும் பொருத்தமாக ஏதாவது வேண்டும் என்றால், மிஞ்சும் வெல்வெட்டில் ஒரு போ-டை போதும். அவருக்கும் ஃபர் வைத்தால் பழையபடி சாண்டா வந்துவிடுவார்.

ஒரே ஒரு எச்சரிக்கையைத் தீவிரமாகச் சொல்கிறேன். அக்ரிலிக் ஃபரும் நைலான் நெட்டும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மேசையில் மெழுகுவத்தி இருக்கும் பார்ட்டி என்றால் கைமுனையில் ஃபர் வேண்டாம், கழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்திக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டை எடுப்பது எல்லோரும் யோசிக்காமல் செய்யும் காரியம். பார்ட்டி முடிந்ததும் ஃபரைக் கழற்றி அகலப் பல் சீப்பால் வாரி, மடிக்காமல் துணிப்பையில் போடுங்கள். கவுனைத் தோளில் தொங்கவிட்டால் கழுத்து எலாஸ்டிக் தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் இடுப்பு ரிப்பனில் நான்கு நாடா வளையம் தைத்து அதில் தொங்கவிடுங்கள். உட்கார்ந்த இடத்தில் முடி நசுங்கியிருந்தால் வெளியிலிருந்து கையளவு தள்ளி நீராவி காட்டி, மிருதுவான பிரஷ்ஷால் முடியின் திசைக்கு எதிராக ஒருமுறை தூக்கிவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே அலமாரியில் வையுங்கள்.